பொடிப்பனியில் மூக்கு முங்காத ஸ்கீ

ஜப்பானின் பனிச்சறுக்குத் தலமான நிசெக்கோவில் முழங்கால் அளவு புதுப்பனி விழுந்தால் என் பழைய ஸ்கீயின் மூக்கு உள்ளே முங்கிவிடும். நடுப்பகுதியின் அகலம் 80 மி.மீ. சொச்சம்தான், அழுத்திச் சமன்செய்த பனித்தளத்துக்கென்றே செய்தது. மூக்கைத் தூக்கப் பின்னால் சாய்ந்து சாய்ந்தே தொடை எரியும்.

சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு அளவைப் பார்த்து வாங்க மனமில்லை. சரிவடியிலுள்ள வாடகைக் கடையில் ஜோடி ஜோடியாக எடுத்து, ஒரே சரிவில் ஓட்டிப் பார்த்தேன். கடையிலேயே ஒரு சோதனை உண்டு. இரண்டையும் அடியோடு அடி சேர்த்து நடுவில் அழுத்துங்கள். முனைப்பக்கம் ஒட்டாமல் விரிந்து நிற்கிறதே, அதுதான் ராக்கர். அந்த வளைவுதான் மூக்கைப் பனிக்கு மேலே ஏற்றுகிறது.

"அகலமா எடுத்தா திரும்பாதே அண்ணே?" என்று கூட வந்த தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. முழுக்க ராக்கர் வைத்தது காலையில் அருமையாக மிதந்தது. மதியம் பனி கிளறி இறுகியதும் விளிம்பு பிடிக்கவில்லை. ஆகவே இரண்டு வேளையும் ஓட்டிப் பாருங்கள். எனக்கு அமைந்தது 108 மி.மீ., முன்னால் நீண்ட ராக்கர், காலடியில் கேம்பர், அதாவது நடுப்பகுதி தரையில் ஒட்டாமல் மேலே வளைந்து நிற்பது. ராக்கரால் தரையில் படும் நீளம் குறைவதால், பழையதைவிடச் சற்று நீளமாகவே எடுத்தேன். மூக்கு இப்போது முங்குவதில்லை.

நம்மூர் ஈரப்பதத்தில் எஃகு விளிம்பு துருப்பிடிக்கும். வீட்டில் எடுத்துவைக்குமுன் துடைத்துக் காயவைத்து, அடியிலும் விளிம்பிலும் மெழுகு பூசிச் சுரண்டாமல் விடுங்கள். அடுத்த பயணத்துக்கு முன் சுரண்டினால் போதும்.