பழைய புரோ லாஜிக் ரிசீவரில் பின் ஸ்பீக்கர்கள் ஊமையானபோது: என் அனுபவம்

மூன்று நாள் அலைக்கழித்த சிக்கல் ஒருவழியாகத் தீர்ந்தது. டிவிடி பிளேயரின் சிவப்பு, வெள்ளை அனலாக் அவுட்டிலிருந்து டால்பி புரோ லாஜிக் ரிசீவருக்கு (இரண்டு சேனல் ஒலியிலிருந்து நடு, பின் ஸ்பீக்கர்களுக்கான ஒலியைப் பிரித்தெடுக்கும் கருவி) இணைப்பு. 5.1 டிஸ்க் (ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் தனித்தனி ஒலி கொண்டது) போட்டால் நடு ஸ்பீக்கரில் வசனம் தெளிவு; பின்னால் ஏறக்குறைய மௌனம். ஸ்பீக்கர்களைச் சோதிக்க ரிசீவர் எழுப்பும் ஒலியான டெஸ்ட் டோன் மட்டும் பின்னாலும் நன்றாகவே கேட்டது.

ஸ்பீக்கர் வயர்களை மாற்றினேன், பின்பக்க லெவலைக் கூட்டினேன், பின்பக்க ஒலியைத் தாமதப்படுத்தும் டிலேயை 15 முதல் 30 மில்லிசெகண்ட் வரை நகர்த்தினேன். பயனில்லை. டெஸ்ட் டோன் ரிசீவருக்குள்ளேயே உருவாவது. அது கேட்டால் ஆம்ப்ளிஃபயரும் வயரும் சரி, கோளாறு உள்ளே வரும் சிக்னலில். இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

பிளேயரின் ஆடியோ செட்டிங்கில் 'டவுன்மிக்ஸ்' (பல சேனல் ஒலியை இரண்டு சேனலாகக் கலப்பது) என்பது 'ஸ்டீரியோ'வில் இருந்தது. அதில் பின்பக்க ஒலி இடது, வலது சேனல்களில் ஒரே ஃபேஸில் (அலைகள் ஒன்றாக ஏறி இறங்கும்படி) கலந்துவிடும். புரோ லாஜிக் தேடுவதோ இரண்டு சேனல்களிலும் எதிரெதிர் ஃபேஸில் இருக்கும் ஒலியை. பின்பக்க ஒலியை அப்படி எதிர் ஃபேஸில் கலக்கும் 'எல்டி/ஆர்டி'க்கு மாற்றியதும் பின்பக்கம் உயிர்பெற்றது. இரண்டு ஸ்பீக்கரிலேயே சுற்றொலி போலக் கேட்கச் செய்யும் பிளேயரின் 'விர்ச்சுவல் சரவுண்ட்' அணைந்திருக்க வேண்டும். அதுவும் ஃபேஸைக் குலைக்கும்.

புரோ லாஜிக்கில் பின் ஸ்பீக்கர் இரண்டிலும் ஒரே மோனோ ஒலி, அதுவும் சுமார் 7 கிலோஹெர்ட்ஸ் வரைதான். அதற்கு மேலான கீச்சொலிகள் இல்லாமல் சற்று மங்கலாகக் கேட்பது பழுதல்ல.