மகரந்த ஸ்லைடு கெடுவது எங்கெங்கே?

பூவை ஸ்லைடின் மேல் தட்டி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, கவர்ஸ்லிப் என்னும் மெல்லிய கண்ணாடித் தகட்டால் மூடி நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் பலரும் பழகிய முறை. மகரந்தத்தைக் கெடுக்கும் முதல் தவறும் அதுதான். பூவின் மகரந்தப்பையை விட்டு வெளியே வரும் மகரந்த மணி பெரும்பாலும் நீர் வற்றிச் சுருங்கிய நிலையில் இருக்கும். அதன்மேல் வெறும் தண்ணீர் பட்டால் வேகமாக உறிஞ்சி ஊதும். புல்லின மகரந்தம் பல நேரம் வெடித்து, உள்ளிருக்கும் மாவுத் துகள்களை வெளியே கொட்டிவிடும். அந்தத் துகள்களையே மகரந்தம் என்று நினைத்து வரைந்துவைப்பவர்களும் உண்டு. ஸ்லைடு செய்வதில் வரும் தவறுகளைத் தேடிப் போனால், பாதிக்கு மேல் இப்படி ஈரத்தில்தான் போய் நிற்கும்.

சேகரிக்கும்போதே அது தொடங்குகிறது. பறித்த பூக்களை பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டால், பூ விடும் ஈரத்திலேயே வெந்து, மறுநாள் பூஞ்சை பிடித்துவிடும். பூஞ்சை வித்துகளும் உருண்டையாக இருப்பதால் மகரந்தத்தோடு குழம்பும். காகித உறையே நல்லது. உடனே வேலை செய்ய முடியாவிட்டால் மகரந்தப்பைகளை மட்டும் பிரித்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடிய குப்பியில் காயவையுங்கள். 70 சதவீத ஆல்கஹாலிலும் போட்டு வைக்கலாம். ஆல்கஹாலில் வைத்தால் பேனா எழுத்து கரைந்துபோகும். பென்சிலால் எழுதிய சீட்டைக் குப்பிக்கு உள்ளேயே போடுவது பாதுகாப்பு.

மலர்ந்த பூவைப் பறிப்பது அடுத்த தவறு. தேனீ வந்து உட்கார்ந்த பூவில் நாலு செடிகளின் மகரந்தம் ஒட்டியிருக்கும். பக்கத்தில் சவுக்குத் தோப்பு இருந்தால் காற்றே கொண்டுவந்து கொட்டும். மறுநாள் காலை மலரப்போகும் முற்றிய மொட்டாகப் பார்த்துப் பறித்து, இதழைப் பிரித்து, இன்னும் வெடிக்காத மகரந்தப்பையை எடுக்க வேண்டும். மிக இளம் மொட்டும் உதவாது; மணியின் வெளிச்சுவர் முற்றாமல், செதுக்கலும் முள்ளும் தெளிவில்லாமல் இருக்கும். ஊசியையும் சாமணத்தையும் ஒவ்வொரு செடிக்கும் ஆல்கஹாலில் துடைத்துச் சுடரில் காட்டியெடுங்கள். செம்பருத்தியின் முள் மகரந்தம் ஒரே ஒரு மணி ஊசியில் தங்கினாலும் அடுத்த ஸ்லைடில் வந்து நிற்கும்.

தண்ணீருக்குப் பதில் என்ன? சாதாரணப் பார்வைக்குக் கிளிசரின் ஜெல்லி போதும். 10 கிராம் ஜெலட்டினை 60 மி.லி. தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வெந்நீர்த் தொட்டியில் கரைத்து, 70 மி.லி. கிளிசரினும், பூஞ்சை பிடிக்காதிருக்க 1 கிராம் பீனாலும் சேர்க்க வேண்டும். பீனால் தோலைப் புண்ணாக்கும், கையுறை கட்டாயம். நிறத்துக்கு ஆல்கஹாலில் கரைத்த சாஃப்ரனின் என்னும் சிவப்புச் சாயம் சில சொட்டு. கொதிக்கவிட்டால் ஜெலட்டின் உறையும் தன்மையை இழக்கும், குமிழியும் ஏறும்.

மகரந்தத்தை ஸ்லைடில் உதிர்த்ததும் நேராக ஜெல்லியை வைக்காதீர்கள். பூச்சி வழி மகரந்தத்தின் மேல் எண்ணெய்ப் பசை இருக்கும். அதனால் மணிகள் கட்டி கட்டியாகத் திரளும், சாயமும் சரியாகப் பிடிக்காது. ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டால் பசை கரைந்து சொட்டின் விளிம்புக்கு ஓடி வளையமாகப் படியும். அந்த வளையத்தைப் பஞ்சால் துடைத்து, ஆல்கஹால் முழுக்க ஆவியான பிறகுதான் ஜெல்லி.

எவ்வளவு ஜெல்லி? 18 மி.மீ. கவர்ஸ்லிப்புக்கு 2 முதல் 3 மி.மீ. பக்கமுள்ள ஒரு துண்டு போதும். செம்பருத்தி மாதிரி 100 மைக்ரானைத் தாண்டும் பெரிய மணிகளுக்கு 4 மி.மீ. வேண்டும், கவர்ஸ்லிப்பின் மூலைகளில் கடுகளவு களிமண்ணும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடியின் எடையே மணியை நசுக்கி அப்பளமாக்கும். கவர்ஸ்லிப்பைச் சாய்த்து, ஒரு பக்கத்திலிருந்து மெதுவாக இறக்கினால் குமிழி வராது.

எல்லாத் திரளும் பசையால் வந்ததல்ல. கருவேல மரத்தில் பெரும்பாலும் 16 மணிகள் சேர்ந்த ஒரே கட்டுதான் இயல்பான மகரந்தம். அது பிரியவில்லையே என்று ஊசியால் குத்திக் கிழிக்க வேண்டாம். எருக்கில் தூளே உதிராது. மஞ்சள் பையாகக் கட்டியிருப்பதை அப்படியே எடுக்க வேண்டும்.

வெளிச்சுவரின் செதுக்கலை நுணுக்கமாகப் பார்க்க அசிட்டாலிசிஸ் தேவை; அமிலக் கலவையில் சூடாக்கி, வெளிச்சுவரை மட்டும் மிஞ்சவைக்கும் முறை அது. இங்கே ஈரம் ஆபத்தாகவே மாறும். 9 பங்கு அசிட்டிக் அன்ஹைட்ரைடில் 1 பங்கு அடர் கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுத்தான் கலவை செய்வார்கள். அதில் தண்ணீர் பட்டால் சீறித் தெறிக்கும். அதனால் மகரந்தத்தை முதலில் கிளேசியல் (தண்ணீர் கலக்காத) அசிட்டிக் அமிலத்தில் கழுவி ஈரத்தை எடுக்க வேண்டும். கலவையில் சூடாக்கிய பின்னும் அதே அசிட்டிக் அமிலத்தில் கழுவிவிட்டுத்தான் தண்ணீருக்குப் போக வேண்டும். புகை உறிஞ்சும் அறைப்பெட்டி, கண் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை இல்லாத இடத்தில் இதைத் தொடவே கூடாது. வீட்டில் செய்யும் வேலையல்ல. வெந்நீர்த் தொட்டியில் சில நிமிடங்களே போதும், நேரம் கூடினால் மணி கறுத்துச் செதுக்கல் மறையும். கல்வாழை, இஞ்சிக் குடும்பச் செடிகளின் மகரந்தத்துக்கு வெளிச்சுவர் மிக மெல்லியது. இந்த முறையில் கரைந்து ஒன்றும் மிஞ்சாது. அவற்றுக்கு ஜெல்லிதான்.

கடைசிக் கழுவலுக்குப் பின், மகரந்தத்தைச் சுழற்றி அடியில் படியவைக்கும் சென்ட்ரிஃபியூஜ் குழாயை வடிதாளின் மேல் கவிழ்த்து நீரை முழுக்க வடிக்காமல் ஜெல்லி சேர்த்தால், ஸ்லைடு நாளடைவில் ஓரத்திலிருந்து சுருங்கி உள்ளே காற்று புகும்.

அளவெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கிளிசரின் ஜெல்லியில் மணிகள் மாதக்கணக்கில் மெல்ல ஊதும். அசிட்டாலிசிஸ் செய்த மணியின் அளவும் செய்யாத மணியின் அளவும் ஒன்றாக இராது. ஆகவே ஸ்லைடு செய்த தேதி, முறை, மணிகளைப் பதித்த ஊடகம் மூன்றும் சீட்டில் இல்லாமல் வெறும் மைக்ரான் எண்ணை மட்டும் எழுதினால், இன்னொருவர் அளவோடு ஒப்பிட வழியில்லை. அதே செடியின் ஒரு கிளையையும் அழுத்திக் காயவைத்து, ஸ்லைடின் எண்ணையே அதற்கும் இட்டு வையுங்கள். பெயர் தவறென்று பின்னால் தெரிந்தாலும் திருத்த அந்தக் கிளை இருக்கும்.