கமராப் பையும் 7 கிலோவும்: போகும்போது விட்டவர்கள் வரும்போதும் விடுவார்களா?

போன மாதம் கட்டுநாயக்கவில் செக்-இன் வரிசையில் நிற்கிறேன். முன்னால் இரண்டு தம்பிமார், விமானத்துக்குள் கொண்டுபோகும் கைப்பையின் எடையைக் குறைக்க, தரையில் குந்தியிருந்து பையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நீளமான 70-200 லென்ஸைச் சாரத்துக்குள் சுற்றிச் சூட்கேசுக்குள் தள்ளுகிறார். மற்றவர் கோட் ஒன்றைப் போட்டுக்கொண்டு நாலு பொக்கெட்டிலும் பற்றரி நிரப்புகிறார். அந்த வெக்கைக்குள் கோட்! வெள்ளவத்தைப் பக்கத்துப் பிள்ளைகள், சென்னையில் கலியாணப் படம் எடுக்கும் வேலையாம். "வீட்டில நிறுத்துப் பாக்கேல்லையா தம்பி?" என்று கேட்டேன். "போன முறை ஒண்டும் கேக்கேல்லை அண்ணா" என்றார்கள்.

இதே வசனத்தை ஒரு காலத்தில் நானும் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். அதற்கு என்ன விலை கொடுத்தேன் என்பதையும், கமராவோடு பறப்பவர்கள் விடும் மற்றப் பிழைகளையும் கீழே விவரமாகவே எழுதுகிறேன். பற்றரி சார்ஜ் போட மறப்பது, சார்ஜரை வீட்டில் விட்டுவிட்டுப் போவது, பாஸ்போட் திகதி பார்க்காதது பற்றியெல்லாம் இங்கே ஒன்றும் இல்லை. அதெல்லாம் ஒரு முறை அடிபட்டால் தானாகத் திருந்திவிடும்.

பையின் சொந்த எடையை மறப்பது

நம் ஊரிலிருந்து கிளம்பும் விமானங்களில் எக்கொனமி வகுப்பில் கைப்பைக்குப் பெரும்பாலும் 7 கிலோதான் கணக்கு. ஸ்ரீலங்கன், எமிரேட்ஸ், கட்டார், சிங்கப்பூர் எயார்லைன்ஸ், இன்டிகோ எல்லாவற்றிலும் அதே எண். அந்த 7 கிலோ, பையையும் சேர்த்து.

சில்லு வைத்த கமராப் பெட்டி பார்க்க அழகு. இழுத்துக்கொண்டு போனால் கம்பீரமாகவும் இருக்கும். ஆனால் வெறும் பெட்டியே நாலு கிலோ வரும். மிச்சம் மூன்று கிலோவுக்குள் எதை வைப்பீர்கள்?

என் பையைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். சோனி ஏ7-4 பொடி (லென்ஸ் பூட்டாத கமரா) இரண்டு, பற்றரி கார்ட்டோடு ஒன்று 658 கிராம். 24-70 லென்ஸ் இரண்டாம் பதிப்பு 695. 70-200 இரண்டாம் பதிப்பு, ட்ரைபொட்டில் மாட்டும் கொலரைக் கழற்றினால் 1,045. 35 எஃப்1.4 லென்ஸ் 524. 85 எஃப்1.8 லென்ஸ் 371. மேலதிக பற்றரி ஆறு, ஒவ்வொன்றும் 83 கிராம். கூட்டினால் நாலரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. முதுகில் போடும் துணிப் பை 1.4 கிலோ. எல்லாம் சேர்ந்து ஆறு கிலோவுக்குள் நின்றுவிடுகிறது. சார்ஜருக்கும் துடைக்கும் துணிக்கும் கொஞ்சம் இடமும் மிஞ்சும். இதே சாமான்களைச் சில்லுப் பெட்டியில் போட்டால் வீட்டு வாசலிலேயே எட்டரைக் கிலோ.

லப்டொப் இந்தக் கணக்கில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதற்குத் தனிப் பை அனுமதிக்கிறார்களா என்று அந்தந்த விமானத்தின் விதியைப் பார்க்க வேண்டும். 'எல்லாரும் விடுவார்கள்' என்று நினைக்கக் கூடாது.

'போகும்போது விட்டார்கள், வரும்போதும் விடுவார்கள்'

இதை எழுதும்போது இன்னும் எரிச்சல் வருகிறது. என் மேல்தான்.

இந்தியாவில் ஒரு கலியாணம், மூன்று நாள் வேலை. போகும்போது ஒரு விமானம், வரும்போது இன்னொன்று. மலிவாகக் கிடைத்தது என்று அப்படி எடுத்திருந்தேன். போகும்போது கவுன்டரில் இருந்த பிள்ளை சூட்கேசை மட்டும் நிறுத்துவிட்டு போர்டிங் பாஸைத் தந்துவிட்டார். முதுகில் இருந்த பையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பையில் பதினொன்றரைக் கிலோ. எனக்கு ஒரே சந்தோசம். அந்தச் சந்தோசத்தில் ஒரு வேலை செய்தேன்: திரும்பி வரும்போது சூட்கேசில் இருந்த ஃபிளாஷையும் அதன் மேலதிக பற்றரியையும்கூடக் கைப்பைக்குள் மாற்றினேன். சூட்கேசில் கலியாண வீட்டார் தந்த சாமான் ஏறியிருந்ததுதான் காரணம்.

விடியற்காலை நாலு மணி. கவுன்டரிலும் ஒன்றும் கேட்கவில்லை. விமானம் ஏறும் கேட்டில் வரிசை நகர்கிறது. வாசலுக்குப் பக்கத்தில் பையின் அளவு பார்க்கும் ஒரு இரும்புச் சட்டமும் தரையில் ஒரு தராசும். விமானம் நிரம்பிவிட்டது, அதனால் ஒவ்வொரு பையாக வைக்கச் சொன்னார்கள். என் பை தராசில் ஏறியது: 12.3. நான் வழக்கமான வசனங்களை எடுத்துவிட்டேன். கமரா உடையும், நான் தொழில்காரன், வரும்போது இப்படித்தான் கொண்டுவந்தேன். அந்த அலுவலர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, பையைக் கீழே சரக்கு அறைக்கு அனுப்பக் கைப்பிடியில் பட்டியைக் கட்டினார். "உள்ளே பற்றரி, பவர் பேங் இருக்கிறதா?" என்று கேட்டார். பின்னால் முப்பது பேர் நிற்கிறார்கள். அவசரத்தில் இல்லை என்று தலையாட்டிவிட்டேன்.

பொய் சொல்லும் எண்ணம் இருக்கவில்லை. நினைவில்லை, அவ்வளவுதான். ஏனென்றால் பற்றரிகளை ஓர் இடத்தில் நான் வைக்கவே இல்லை. இரண்டு முன் பொக்கெட்டில், இரண்டு லென்ஸுக்கு நடுவில் இடைவெளி அடைக்க, ஒன்று சார்ஜருக்குள், ஃபிளாஷ் பற்றரி அடியில். விமானப் படியில் கால் வைக்கும்போதுதான் நினைவு வந்தது. சொல்லாமல் ஏறியிருக்கலாம் என்று சிலர் நினைக்கக்கூடும். லிதியம் பற்றரி கீழே சரக்கு அறைக்குள் தீப்பிடித்தால் யாரும் கையால் போய் அணைக்க முடியாது. மேலே பயணிகள் பகுதியில் என்றால் பணியாளர்கள் கண்டு அணைப்பார்கள். மேலதிக பற்றரியைக் கையில்தான் கொண்டுபோக வேண்டும் என்ற விதி அதற்காகத்தான். சொன்னேன். பை வண்டியிலிருந்து திரும்பி வந்தது. மழைத் தூறல். தார்த்தளத்தில் முழங்காலில் இருந்து, எல்லா ஜிப்பையும் திறந்து, ஒவ்வொரு பற்றரியாகத் தேடி எடுத்தேன். ஜன்னல் வழியாக எத்தனை பேர் பார்த்தார்களோ. பிறகு அவசரமாக ஜிப்பை இழுத்து மூடிக் கொடுத்தேன். 70-200 லென்ஸ் பொடியில் பூட்டியபடியே உள்ளே கிடந்தது. கழற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை.

கட்டுநாயக்கவில் பெல்ட்டில் பை வந்தது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. அப்படியே எடுத்துக்கொண்டு வீடு போய்ப் படுத்துவிட்டேன். அடுத்த நாள் கொட்டாஞ்சேனையில் ஒரு பூப்புனித நீராட்டு விழா. அதற்கு இரண்டாவது பொடியையும் சின்ன லென்ஸையும் வைத்தே சமாளித்தேன். பெரிய லென்ஸை எடுத்துப் பார்த்தது அதற்கும் அடுத்த வாரம். ஃபோகஸ் ஒரு பக்கம் பிடிக்கிறது, மறுபக்கம் மசங்குகிறது. நீளமான லென்ஸைப் பூட்டியபடி பை விழுந்தால் அந்த அடி முழுவதும் மவுண்டில்தான், அதாவது லென்ஸ் பூட்டும் வளையத்தில்தான் இறங்கும். பொடியின் மவுண்ட் வளைந்திருந்தது. லென்ஸுக்குள்ளும் ஏதோ நகர்ந்திருந்தது. திருத்தப் போன காசுக்கு அந்தக் கலியாணத்தில் கிடைத்தது சரியாகப் போய்விட்டது.

நட்டஈடு கேட்டு எழுதினேன். ஒன்பதாவது நாள். சரக்கு அறைக்குக் கொடுத்த பொதி சேதமானால், கையில் கிடைத்த நாளிலிருந்து ஏழு நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்கிறது 1999 ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கை. நாள் கடந்துவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. நேரத்துக்கு எழுதியிருந்தாலும் கை நிறையக் கிடைத்திருக்காது. அந்த உடன்படிக்கையின் உச்ச வரம்பு, 2024 டிசம்பர் 28 இல் கூட்டிய பிறகும், ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), சுமார் இரண்டாயிரம் அமெரிக்க டொலர். கமரா போன்ற உடையும் சாமானைச் சரக்கு அறைக்குக் கொடுத்தால் பொறுப்பில்லை என்று பல விமானங்கள் தங்கள் நிபந்தனைகளில் எழுதியும் வைத்திருக்கின்றன.

அதன் பிறகு நான் பை கட்டும் முறையே மாறிவிட்டது. எங்கோ ஒரு வாசலில் இந்தப் பையை என் கையிலிருந்து வாங்கப்போகிறார்கள் என்று நினைத்தே கட்டுகிறேன். பைக்குள் இன்னொரு சின்னத் துணிப் பை. எல்லாப் பற்றரியும், எல்லாக் கார்ட்டும், ஒரு பொடி, 24-70 லென்ஸ் அதற்குள். மேலே கிடக்கும், ஒரே இழுவையில் வெளியே வரும். பெரிய பையை வாங்கினால் வாங்கட்டும், சின்னதைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறிவிடுவேன். அடுத்த நாள் வேலைக்கு அது போதும். மிச்ச லென்ஸ் எல்லாம் கழற்றி, மூடி போட்டு, தனித்தனிப் பெட்டியில். பெல்ட்டில் பை வந்தால் அங்கேயே ஓரமாக நின்று திறந்து பார்க்கிறேன். சேதம் இருந்தால் வெளியே வருமுன் அங்கேயே அறிக்கை எழுதி வாங்கிவிடலாம்.

இன்னொன்று. பல கட்டப் பயணம் என்றால் ஆகக் குறைந்த வரம்பை வைத்தே கட்டுங்கள். பிரிட்டிஷ் எயார்வேஸ் கைப்பைக்கு 23 கிலோ வரை விடும். ஆனால் அதைப் பிடிக்கக் கொழும்பிலிருந்து 7 கிலோ விமானத்தில் போவதென்றால்? அதேபோல சென்னையிலிருந்து பலாலிக்கு வரும் ஏ.டி.ஆர் 72 விமானத்தில் மேல்தட்டு சிறியது. எடை சரியாக இருந்தாலும் பெட்டி உள்ளே போகாது.

பற்றரியின் எண்ணைப் படிக்காமல் கொண்டுபோவது

மில்லி அம்பியரைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். பார்க்க வேண்டியது வாட்-அவர். வோல்ட்டை அம்பியர்-அவரால் பெருக்கினால் வரும். சோனி எஃப்இசட்100 பற்றரி 7.2 வோல்ட், 2,280 மில்லி அம்பியர்: 16.4 வாட்-அவர். 20,000 மில்லி அம்பியர் பவர் பேங், 3.7 வோல்ட் கணக்கில் 74. கோடொக்ஸ் ஏடி600 புரோ ஃபிளாஷின் பற்றரி ஏறக்குறைய 75.

100 வரை பொதுவாக அனுமதி கேட்கத் தேவையில்லை. 100 இலிருந்து 160 வரை என்றால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வேண்டும், அதுவும் மேலதிகமாக இரண்டே இரண்டு. 160 க்கு மேல் பயணிகள் விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள். வீடியோக்காரர்கள் வி-மவுண்ட் என்ற பெரிய பற்றரி வாங்கும்போது 150 ஐ விட்டுவிட்டு 98 ஐ வாங்குவதற்குக் காரணம் இதுதான். முனைகளில் டேப் ஒட்டுங்கள், அல்லது மூடி போடுங்கள். எண் அழிந்துபோன பழைய பற்றரியைக் கொண்டுபோகாதீர்கள். பாதுகாப்புச் சோதனையில் அது என்னவென்று உங்களால் நிரூபிக்க முடியாது.

பவர் பேங் விதிகள் இப்போது வேகமாக இறுகுகின்றன. எமிரேட்ஸில் 2025 ஒக்டோபர் 1 முதல் ஒருவருக்கு ஒன்றுதான், 100 வாட்-அவருக்குள். விமானத்துக்குள் அதைப் பாவிக்கவும் முடியாது. பழைய பயணத்தின் நினைவில் போகாமல் டிக்கெட் எடுத்த அன்றே பாருங்கள்.

ட்ரைபொட்

சரக்கு அறைக்குப் போகும் பொதியில் போடுங்கள்.

'ஃபிரஜைல்' ஸ்டிக்கர்

ஸ்டிக்கருக்குக் கை இல்லை, விழும் பையைப் பிடிக்க.

ட்ரோன்

இந்தியாவுக்கா? வீட்டில் இருக்கட்டும். 2022 பெப்ரவரியிலிருந்து அங்கே வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை. அங்கேயே ஆள் பிடியுங்கள்.

ஃபிலிம்

இப்போது இளம் பிள்ளைகள் கலியாணத்துக்கு இரண்டு ரோல் ஃபிலிமும் கொண்டுபோகிறார்கள். நல்லதுதான். பழைய எக்ஸ்ரேயில் 400 ஐஎஸ்ஓ ஃபிலிம் ஓரிரு முறை தாங்கும். புதிதாக வரும் சி.டி ஸ்கேனரில் ஒரே முறையிலேயே மசங்கலாம். ரோல்களைத் தெளிவான பொலித்தீன் பையில் போட்டு, கையால் பார்க்கச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். சூட்கேசுக்குள் மட்டும் வைக்காதீர்கள், அங்கே போகும் ஸ்கேன் இன்னும் கடுமை.

ரசீது இல்லாமல் திரும்பி வருவது

போகும்போது யாரும் கேட்கமாட்டார்கள். வரும்போது இரண்டு பொடியும் நாலு லென்ஸும் பளபள என்று இருந்தால், எங்கே வாங்கியது என்று சுங்கத்தில் கேட்பது அவர்கள் வேலை. தொடர் இலக்கங்களை ஒரு தாளில் எழுதி, வாங்கிய ரசீதின் பிரதியோடு பாஸ்போட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். போனில் படமாகவும் இருக்கிறது, ஆனால் அந்த நேரம் பார்த்துத்தான் போனில் சார்ஜ் இருக்காது.

திரும்பும் நாள் நிறுக்காமல் விடுவது

புறக்கோட்டையில் தொங்கு தராசு வாங்கலாம், கைக்குள் அடங்கும். நம் ஆட்கள் அதை வாங்கி, வீட்டில் கொக்கியில் மாட்டி 6.8 என்று பார்த்துவிட்டு, தராசை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். எடை கூடுவது அங்கே. கலியாண வீட்டார் உங்களை வெறுங்கையோடு விடமாட்டார்கள். வேட்டி, சால்வை, தாம்பூலப் பை, லட்டு முறுக்கு ஒரு பெட்டி. போன முறை ஒரு பாட்டி எனக்கு முழுத் தேங்காய் ஒன்றை மஞ்சள் பூசித் தந்தார், அறுநூறு கிராம். வேண்டாம் என்று சொல்ல முடியுமா? ஹோட்டல் கதவுக் கைப்பிடியில் தராசை மாட்டி நிறுத்துப் பார்த்தேன்: 7.4. சார்ஜரைச் சூட்கேசுக்கு மாற்றினேன். தேங்காய் கமராவோடுதான் வந்தது.