ஹேஷ் அட்டவணையை நீங்களே எழுதுவது எப்படி? நீக்குதலில் கொஞ்சம் நின்று போங்கள்

டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடம் எடுத்தால், நூலகம் எதையும் தொடாமல் ஹேஷ் அட்டவணையை எழுதச் சொல்லும் பயிற்சி எப்படியும் வந்துவிடும். சாவியிலிருந்து ஓர் எண்ணைக் (ஹேஷ் மதிப்பு) கணக்கிட்டு, அந்தச் சாவியையும் அதன் மதிப்பையும் அணியின் எந்த அறையில் வைப்பது என்று முடிவு செய்யும் அமைப்புதான் ஹேஷ் அட்டவணை. சேர்த்தலும் தேடலும் சீக்கிரம் ஓடத் தொடங்கிவிடும். நீக்குதலை எழுதிய பிறகுதான் அட்டவணை, தன்னிடம் இருக்கும் சாவியையே இல்லை என்று சொல்லும். அந்த இடத்தைத் தாண்டிய வழியை இங்கே எழுதுகிறேன். அணி, லூப், மீதி காண்பது ஆகியவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: முறையைத் தேர்ந்தெடுங்கள்

இரண்டு சாவிகள் ஒரே அறைக்கு வந்தால் என்ன செய்வது? ஒவ்வோர் அறையிலும் ஒரு சங்கிலிப் பட்டியலைத் தொங்கவிடலாம். ஜாவாவின் ஹேஷ்மேப் அப்படித்தான் செய்கிறது. ஜாவா 8 முதல், சங்கிலி மிக நீண்டுவிட்டால் அதை மரமாகவும் மாற்றிக்கொள்கிறது. இல்லையென்றால் அடுத்தடுத்த அறைகளைப் பார்த்துக்கொண்டே போய், காலியான இடத்தில் வைக்கலாம். இதற்கு லீனியர் புரோபிங் என்று பெயர். பாடங்கள் பெரும்பாலும் சங்கிலியில் தொடங்கினாலும் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஒரே அணி போதும். பக்கத்து அறைகள் நினைவகத்திலும் பக்கத்திலேயே இருப்பதால் கேஷ் (செயலியின் வேக நினைவகம்) நன்றாக உதவும். கற்றுக்கொள்ள வேண்டிய விஷயமும் இதில்தான் அதிகம்.

படி 2: நிரலுக்கு முன் விதியை எழுதுங்கள்

ஒரு தாளில் இதை எழுதிக்கொள்ளுங்கள்: சாவியின் தொடக்க அறைக்கும் அது உட்கார்ந்திருக்கும் அறைக்கும் நடுவே வெற்று அறை எதுவும் இருக்கக் கூடாது.

தேடல் ஒரு வெற்று அறையைக் கண்டதும் ‘இல்லை’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. அப்படி நிற்க அதற்குத் துணிச்சல் தருவது இந்த விதி ஒன்றுதான். இனி எழுதும் ஒவ்வொரு செயலும் இந்த விதியைக் காப்பாற்றுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

படி 3: சேர்த்தலும் தேடலும்

ஹேஷ் மதிப்பை அட்டவணையின் அளவால் வகுத்து மீதியைக் காணுங்கள். அதுதான் தொடக்க அறை. அங்கே வேறு சாவி இருந்தால் அடுத்த அறைக்கு நகருங்கள். கடைசி அறைக்குப் பின் 0-ஆம் அறைக்குத் திரும்ப வேண்டும். இவ்வளவுதான்.

படி 4: நீக்குதல்

8 அறைகள் கொண்ட அட்டவணையில் 3, 11, 19 ஆகிய சாவிகளைச் சேருங்கள். மூன்றுக்குமே மீதி 3. ஆகவே 3-ஆம் அறையில் 3, 4-இல் 11, 5-இல் 19 என்று உட்காரும். இப்போது 11-ஐ நீக்கி 4-ஆம் அறையைக் காலியாக்குங்கள். பிறகு 19-ஐத் தேடுங்கள். தேடல் 3-ஆம் அறையில் தொடங்குகிறது. அங்கே 3 இருக்கிறது. 4-ஆம் அறைக்குப் போகிறது, வெற்றிடம். ‘19 இல்லை’ என்று நின்றுவிடுகிறது. 19-ஓ அதற்கு அடுத்த அறையில் பத்திரமாக இருக்கிறது. தேடலில் பிழை இல்லை; நீக்குதல் விதியை உடைத்துவிட்டது.

தீர்வு, அறையை வெறுமையாக்காமல் ‘நீக்கப்பட்டது’ என்று குறி வைப்பது. டூம்ஸ்டோன் என்று சொல்வார்கள். ஆக, ஓர் அறைக்கு மூன்று நிலைகள்: வெற்று, நிரம்பியது, நீக்கப்பட்டது. தேடல் குறியைத் தாண்டிப் போகும். வெற்று அறையில் மட்டுமே நிற்கும்.

இங்கே இன்னொரு பள்ளம் இருக்கிறது. குறி வைத்த அறையில் புதிய சாவியை வைக்கலாம் என்பதால், சேர்க்கும்போது குறியைக் கண்டதும் அங்கேயே வைத்துவிடத் தோன்றும். மேலே உள்ள நிலையில் 19-க்குப் புதிய மதிப்பு கொடுத்துப் பாருங்கள். 4-ஆம் அறையில் குறி இருப்பதால் 19 அங்கே உட்காரும். 5-இல் பழைய 19-உம் இருக்கும். பிறகு 19-ஐ நீக்கினால் 4-இல் இருப்பதுதான் போகும். அடுத்த தேடலில் பழைய மதிப்பு உயிர்பெற்று வந்து நிற்கும். சேர்த்தலும் நீக்கலும் தனித்தனியே சரியாகத் தெரிவதால், இதைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். ஆகவே முதல் குறியின் எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, சாவியோ வெற்று அறையோ வரும் வரை தொடர்ந்து போங்கள். சாவி கிடைத்தால் மதிப்பை மாற்றுங்கள். கிடைக்காவிட்டால் மட்டும், நினைவில் வைத்த அறைக்குத் திரும்பிச் சேருங்கள்.

படி 5: அட்டவணையைப் பெரிதாக்குதல்

எவ்வளவு நிரம்பியதும் பெரிதாக்குவது? லீனியர் புரோபிங்கைக் கணினி அறிவியலாளர் டொனால்ட் க்னூத் 1963-இலேயே கணக்கிட்டுவிட்டார். ஹேஷ் மதிப்புகள் நன்றாகப் பரவியிருந்தால், இல்லாத சாவியைத் தேடச் சராசரியாகப் பார்க்க வேண்டிய அறைகள்: பாதி நிரம்பியபோது 2.5, முக்கால் நிரம்பியபோது 8.5, 90 சதவீதத்தில் 50.5. அதனால் நான் பாதியிலேயே நிறுத்திவிடுவேன்.

இந்தக் கணக்கில் குறிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிரம்பிய அறைகளை மட்டும் எண்ணினால், சேர்த்தும் நீக்கியும் போகப்போக வெற்று அறையே இல்லாமல் போய்விடும். அப்போது இல்லாத சாவியைத் தேடும் லூப் நிற்கவே நிற்காது.

பெரிதாக்கும்போது அறைகளை அப்படியே நகலெடுக்கக் கூடாது. அளவு மாறினால் மீதியும் மாறும்: 16 அறைகளில் 11-இன் இடம் 11-ஆம் அறை. ஒவ்வொரு சாவியையும் புதிதாகச் சேருங்கள்; குறிகளை விட்டுவிடுங்கள்.

அளவை எப்போதும் இரட்டிப்பாக்குங்கள். ஒரு லட்சம் சாவிகளைச் சேர்க்கையில், 8-இல் தொடங்கிப் பாதி நிரம்பும்போதெல்லாம் இரட்டிப்பாக்கினால், மொத்த இடமாற்றங்கள் சுமார் 1,31,000. ஒவ்வொரு முறையும் 100 அறைகள் மட்டும் கூட்டினால் அது ஏறத்தாழ 10 கோடியாகிவிடும்.

படி 6: சோதனை

கையால் எழுதிய நாலைந்து சோதனைகளை நான் நம்புவதில்லை. உங்கள் அட்டவணையையும் மொழியோடு வரும் அகராதியையும் (பைத்தானில் dict) அருகருகே வைத்து, இரண்டிலும் ஒரே செயல்களைத் தற்செயல் வரிசையில் லட்சம் முறை செய்து, விடைகளை ஒப்பிடுங்கள். சாவிகளை 0 முதல் 20 வரை மட்டும் எடுங்கள். அப்போதுதான் அதே சாவியின் நீக்கலும் மறுசேர்த்தலும் அடிக்கடி நடக்கும். தற்செயல் எண்களுக்கான விதை எண்ணை நிலையாக வையுங்கள். பிழை வந்தால் அதே வரிசையை மீண்டும் ஓட்டிப் பார்க்கலாம். ஒவ்வொரு செயலுக்குப் பிறகும் படி 2-இன் விதியைச் சரிபார்க்கும் சிறு சார்பு ஒன்றையும் ஓடவிடுங்கள். பிழை பிறந்த இடத்திலேயே பிடிபடும்.

முதல் வடிவத்தைப் பைத்தானில் எழுதுங்கள். அது சரியான பிறகு சி-யில் எழுதுங்கள். அங்கே அட்ரஸ் சானிடைசர் (நினைவகப் பிழைகளைக் காட்டும் கருவி) இல்லாமல் ஒருமுறைகூட ஓட்ட வேண்டாம்.

பின்சேர்க்கை 1: ஜாவாவில் எழுதிய வாசகர் ஒருவருக்கு அறை எண் எதிர்மறையாக வந்திருக்கிறது. -7-ஐ 5-ஆல் வகுத்தால் பைத்தான் மீதியாக 3 தரும். ஜாவாவும் சி-யும் -2 தரும். ஜாவாவின் ஹேஷ் மதிப்பு எதிர்மறையாகவும் இருக்கலாம். தனிமதிப்பு எடுத்துச் சமாளிக்காதீர்கள்: மிகச் சிறிய முழு எண்ணுக்கு ஜாவாவின் தனிமதிப்பும் எதிர்மறையாகவே வரும். ஜாவாவின் Math வகுப்பில் (class) உள்ள floorMod சார்பைப் பயன்படுத்துங்கள்.

பின்சேர்க்கை 2: குறியே வைக்காமல், பின்னால் உள்ள சாவிகளை முன்னே இழுத்து இடைவெளியை அடைக்கலாமே என்று இன்னொருவர் கேட்டிருந்தார். தாராளமாகச் செய்யலாம், தேடலும் வேகமாகவே இருக்கும். ஆனால் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு இழுக்கக் கூடாது. 3, 4, 5-ஆம் அறைகளில் முறையே 3, 11, 5 இருக்கின்றன என்று வையுங்கள். 11-ஐ நீக்கிவிட்டு 5-ஐ 4-ஆம் அறைக்கு இழுத்தால், 5-க்கான தேடல் 5-ஆம் அறையில் தொடங்கி, அங்கே வெற்றிடத்தைக் கண்டு நின்றுவிடும். இழுக்கும் முன் அந்தச் சாவியின் தொடக்க அறையைக் கணக்கிட்டு, அது இடைவெளியைத் தாண்டி இருந்தால் அதை அங்கேயே விட்டுவிட்டு, அடுத்த வெற்று அறை வரை மற்றவற்றைப் பாருங்கள். கடைசி அறையிலிருந்து 0-க்குச் சுற்றி வரும் இடத்தில் இந்த ஒப்பீடு தலைகீழாகிவிடும் என்பதால், அந்த நிலையைத் தனியே சோதியுங்கள்.