வெளுத்ததெல்லாம் மழையல்ல: செயற்கைக்கோள் படமும் மாடலும் பார்க்கப் பழகலாம்

குறுவை அறுத்து நெல் களத்தில் கிடக்கும் ஐப்பசியில்தான் நான் வானிலைப் படங்களைப் பார்க்கத் தொடங்கினேன். எங்கள் ஊர் சீர்காழிக்குக் கிழக்கே, கடலுக்குப் பக்கம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம்தான் கணக்கு. அந்த அளவுக்குக் காய இரண்டு மூன்று நல்ல வெயில் வேண்டும். நடுவில் ஒரு மழை விழுந்தால் நெல் முளைவிட ஆரம்பித்துவிடும்.

முதல் வருடம் ஒரு ராத்திரி பத்து மணிக்குப் பார்த்தால், படத்தில் டெல்டா முழுக்க வெள்ளை வெளேரென்று இருந்தது. அப்பாவை எழுப்பி, எல்லோருமாக நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினோம். விடியும்வரை ஒரு சொட்டு விழவில்லை. மூடிய நெல் புழுங்கிச் சூடேறிவிட்டது. ஐந்தாறு நாள் கழித்து அதே நேரத்தில் மறுபடி பார்த்தேன். கடல் மேல் சாம்பல் நிறத்தில் சில திட்டுகள், அவ்வளவுதான். மழை வராது என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். அதிகாலை நான்கு மணிக்குக் கொட்டியது. பரப்பி வைத்திருந்த நெல்லில் பாதிக்கு மேல் தண்ணீரில் மிதந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

இரண்டு ராத்திரியும் நான் தவறியது ஒரே இடத்தில்தான் என்று புரிய எனக்கு ஒரு பருவம் முழுக்க ஆனது. உங்களுக்கு அரை மணி நேரத்தில் புரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: எங்கே பார்ப்பது

இந்திய வானிலைத் துறையின் செயற்கைக்கோள் பக்கம், அதே துறையின் ராபிட் தளம், இஸ்ரோவின் மோஸ்டாக் தளம் மூன்றிலும் இந்தியாவின் இன்சாட் செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகக் கிடைக்கும். நான் ராபிடைத்தான் விரும்புகிறேன். ஊரைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஒரே இடத்தை வெவ்வேறு அலைவரிசைகளில் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். மாடல்களுக்கு, அதாவது காற்றையும் மழையையும் கணினி கணக்குப் போட்டுச் சொல்லும் கணிப்புகளுக்கு, விண்டி தளம் போதும். பணம் கட்டத் தேவையில்லை.

செல்போனோடு வரும் மேகம், சூரியன் சின்னங்களை இதற்கு நம்பாதீர்கள். எந்த மாடல், அதன் கணக்கு எப்போது ஓடியது என்று பல செயலிகள் சொல்வதே இல்லை. அது தெரியாத கணிப்பை வைத்துக்கொண்டு களத்து வேலையை முடிவு செய்ய முடியாது.

படி 2: நேரத்தை மாற்றிப் படியுங்கள்

பெரும்பாலான படங்களில் யூடிசி எனும் உலகப் பொது நேரம் இருக்கும். 5 மணி 30 நிமிடம் கூட்டினால் நம் நேரம். 00 யூடிசி என்றால் காலை 5.30, 12 யூடிசி என்றால் மாலை 5.30. நள்ளிரவைத் தாண்டும்போது தேதியும் மாறும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 11ஆம் தேதி 21.30 யூடிசி என்று போட்ட படம் நமக்கு 12ஆம் தேதி அதிகாலை 3 மணிப் படம்.

படி 3: அந்த வெள்ளை நிறம் என்ன சொல்கிறது

இங்கே நிதானமாக வாருங்கள். நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான்.

ராத்திரியில் நாம் பார்ப்பது அகச்சிவப்புப் படம். அதில் கேமரா மழையைப் பார்ப்பதில்லை, மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறது. குளிர் கூடக் கூட வெள்ளை கூடும். மேலே போகப் போகக் குளிரும் என்பதால் வெள்ளை என்றால் உயரமான மேகம். அவ்வளவுதான் அந்தப் படம் சொல்லும். அதற்குக் கீழே மழை பெய்கிறதா என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வங்கக்கடலில் ஒரு பெரிய இடிமேகம் வளரும்போது அதன் உச்சி 12 முதல் 16 கி.மீ. உயரம் வரை போகும். அங்கே மைனஸ் 60, மைனஸ் 70 டிகிரி குளிர். அதற்கு மேல் ஏற முடியாமல் பக்கவாட்டில் பரவும், கொதித்து அடங்கிய பாலில் ஏடு படர்வதுபோல. அந்த ஏடுதான் கீற்று மேகம். மேல்காற்று அதை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போகும். முழுக்கப் பனித்துகள்கள், மெல்லிய படலம், ஆனால் கடுங்குளிர். படத்தில் பளீர் வெள்ளையாகத் தெரிந்தாலும் தரைக்கு ஒரு துளி வராது. நான் அப்பாவை எழுப்பிய ராத்திரி எங்கள் தலைக்கு மேல் இருந்தது அந்த ஏடு. மழை பெய்த இடம் எங்கோ நடுக்கடலில்.

இரண்டாவது ராத்திரி இதற்கு நேர்மாறு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பின்னிரவில் தரை குளிர்ந்து, தரையிலிருந்து கடலை நோக்கி லேசாக ஒரு காற்று கிளம்பும். கடலிலிருந்து வரும் வாடைக்காற்றும் அதுவும் கரையோரம் முட்டிக்கொள்ளும். முட்டும் இடத்தில் காற்று மேலெழும்பி மேகம் கட்டும். இந்த மேகங்கள் பல சமயம் 5, 6 கி.மீ. உயரத்தைத் தாண்டுவதில்லை. நம் பகுதியில் ஏறத்தாழ 5 கி.மீ. உயரத்தில்தான் வெப்பநிலை பூஜ்யத்துக்கு வரும். ஆகவே உச்சி பெரிதாகக் குளிர்ந்திருக்காது, படத்தில் சாம்பலாகத்தான் தெரியும். ஆனால் உள்ளே ஈரம் நிறைந்திருக்கும். பனித்துகளே இல்லாமல், நீர்த்துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்தே கனமழையாக இறங்கிவிடும். கடற்கரை ஊர்களில் அதிகாலை மழை அதிகம் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, எப்படிப் பிரித்துப் பார்ப்பது? பகலில் என்றால் கண்ணுறு படத்தையும், அதாவது சூரிய வெளிச்சத்தில் எடுத்த படத்தையும், பக்கத்தில் திறந்துகொள்ளுங்கள். இன்சாட்டில் அகச்சிவப்புப் படம் 4 கி.மீ. நுணுக்கம், கண்ணுறு படம் 1 கி.மீ. நுணுக்கம், அதனால் சின்ன விவரமும் தெரியும். கீற்று மேகம் என்றால் அதன் வழியே கீழே இருக்கும் கரையும் சிறு மேகங்களும் மங்கலாகத் தெரியும், நார் நாராக இருக்கும். மழை மேகம் என்றால் காலிஃபிளவர்போல மொத்தை மொத்தையாக இருக்கும், காலையிலும் மாலையிலும் நிழல் விழும். ராத்திரியில் கண்ணுறு படம் இல்லை. அப்போது ராபிடில் இருக்கும் இரவு நுண்ணியற்பியல் வண்ணப்படத்தைப் பாருங்கள். தாழ்ந்த மேகமும் மெல்லிய கீற்றும் அதில் வெவ்வேறு நிறத்தில் பிரிந்துவிடும். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பக்கத்திலேயே நிற விளக்கம் இருக்கும்.

நீராவிப் படத்தை வைத்து மழையைத் தேடாதீர்கள். அது நடு, மேல் அடுக்குகளின் ஈரத்தைக் காட்டுவது. நம் அதிகாலை மேகங்கள் அதில் பெரும்பாலும் தெரியாது. வறண்ட காற்று எந்தப் பக்கமிருந்து நுழைகிறது என்று பார்க்க மட்டும் அது மிக நல்லது. கருப்பாகத் தெரியும் இடம் வறட்சி.

படி 4: ஒரு படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்

குறைந்தது ஆறு மணி நேரப் படங்களை ஓடவிடுங்கள். ஒரு செயற்கைக்கோள் அரை மணிக்கு ஒரு படம் தரும் என்றால் பன்னிரண்டு படங்கள். வெள்ளை ஒரே இடத்தில் புள்ளியாகத் தோன்றி, விளிம்பு கூர்மையாக, கொப்பளித்துப் பெரிதானால் உயிருள்ள இடிமேகம். விளிம்பு கலைந்து ஒரே பக்கமாக இழுபட்டுக்கொண்டே போனால் ஏடு. தாழ்ந்த மேகங்கள் கிழக்கிலிருந்து நகர, மேலே உள்ள வெள்ளை வேறு திசையில் போவதை ஓடும் படத்தில் ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் குழப்பமே வராது.

படி 5: மாடலுக்கு வருவோம்

நான் முதலில் பார்ப்பது ஐரோப்பிய மாடலான இசிஎம்டபிள்யூஎஃப். அப்புறம் அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ். மாடல் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடும். முதலாவதின் கட்டம் 9 கி.மீ., இரண்டாவதின் கட்டம் 13 கி.மீ. காலை 5.30 நிலவரத்தை வைத்து ஓடும் ஐரோப்பியக் கணிப்பு நம் கைக்கு வர நண்பகல் ஆகிவிடும், ஜிஎஃப்எஸ் அதற்குமுன் வந்துவிடும். ஜிஎஃப்எஸ்ஸில் பத்து நாளுக்கு அப்பால் தெரியும் புயலைப் பகிர்ந்து ஊரைப் பயமுறுத்த வேண்டாம். அடுத்த ஓட்டத்திலேயே, அதாவது மாடல் மறுபடி கணக்குப் போடும்போதே, அது காணாமல் போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

மழை வண்ணத்தைத் திறப்பதற்கு முன் 850 ஹெச்பிஏ (காற்றழுத்த அலகு) காற்றைத் திறந்து பாருங்கள். ஏறத்தாழ 1.5 கி.மீ. உயரக் காற்று அது. சுழற்சியின் மையம் எங்கே, நம் ஊருக்குக் காற்று கடலிலிருந்து வருகிறதா, தரையிலிருந்து வருகிறதா? மையம் நமக்குத் தெற்கிலோ தென்கிழக்கிலோ இருந்தால் நமக்குக் கடல்காற்று, ஈரம் வரும். மையம் நமக்கு வடக்கே போய்விட்டால் காற்று மேற்கிலிருந்து திரும்பும், மழை குறையும். 2024 அக்டோபரில் சென்னையில் இதைத்தான் பார்த்தோம். 15ஆம் தேதி நல்ல மழை. 16ஆம் தேதிக்குச் சிவப்பு எச்சரிக்கை இருந்தது, மக்கள் மேம்பாலத்தில் காரை நிறுத்தி வைத்தார்கள், ஆனால் அன்று நகரத்தில் பயந்த அளவுக்குப் பெய்யவில்லை. தாழ்வு மண்டலம் 17ஆம் தேதி அதிகாலை சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்தது. எச்சரிக்கை கொடுத்ததைக் குறை சொல்ல மாட்டேன். மையம் கொஞ்சம் தள்ளிப் போனாலும் மழை இடம் மாறிவிடும், முன்கூட்டியே அதைத் துல்லியமாகச் சொல்வது கடினம்.

இனி படத்தையும் மாடலையும் சேர்க்கும் வேலை. மாடலில் இப்போதைய நேரத்தை வையுங்கள். சுழற்சியின் மையம் எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். காலையில் வரும் கண்ணுறு படத்தில் தாழ்ந்த மேகங்களின் வளைகோடுகள் எந்த இடத்தைச் சுற்றுகின்றன என்று பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போனால் அந்த ஓட்டத்தை நம்பலாம். 150 கி.மீ. விலகியிருந்தால் அந்த மாடலின் நாளைய மழையையும் அதே அளவு சந்தேகத்தோடு பாருங்கள். இதில் ஒரு எச்சரிக்கை: வெள்ளைத் திரளின் நடுவை மையம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மேல்காற்று வேறு திசையில் வேகமாக வீசினால் மேகத் திரள் மையத்தை விட்டு ஒரு பக்கம் தள்ளியிருக்கும்.

மையம் நகரும் வேகத்தையும் பார்க்க வேண்டும். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்தபின் பல மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 செ.மீ.க்கு மேல் கொட்டியது. மாடலில் மூன்று மணிக்கு ஒரு முறை மையத்தைக் குறித்துப் பாருங்கள். புள்ளிகள் நெருக்கமாக விழுந்தால் அங்கே கவலைப்பட வேண்டும், காற்றின் வேகம் குறைவாக இருந்தாலும்.

படி 6: கடைசி மூன்று மணி நேரம் ரேடாருக்கு

மேகத்துக்குள் இருக்கும் மழைத்துளியை நேரடியாகப் பார்ப்பது ரேடார் மட்டுமே. எங்களுக்குக் காரைக்கால் ரேடார் 40 கி.மீ.க்குள் இருக்கிறது. படத்தில் 40 டிபிஇசட்டுக்கு (ரேடாருக்குத் திரும்பி வரும் எதிரொலியின் வலிமையைச் சொல்லும் அளவு) மேல் காட்டும் திட்டு நம் பக்கம் நகர்ந்தால் தார்ப்பாயை எடுக்க வேண்டியதுதான். ரேடாருக்குத் தூரமான ஊர்களில் கவனம் தேவை. பூமி வளைவதால் தூரம் போகப் போகக் கதிர் உயரத்தில் போய்விடும், தாழ்ந்த மழை மேகம் அதற்குக் கீழே தப்பிவிடும்.

பின்சேர்க்கை

இதை முதலில் எழுதியபின் பலரும் ஒரே மாதிரி மூன்று இடங்களில் தடுமாறியதாகச் சொன்னார்கள்.

விண்டியில் 200 மி.மீ. என்று பார்த்துவிட்டு நாளைக்கே 20 செ.மீ. மழை என்று ஒருவர் வீட்டைக் காலி செய்யும் அளவுக்குப் போய்விட்டார். அவர் பார்த்தது பத்து நாள் மொத்த மழை. மழைத் திரட்சி அடுக்கைத் திறந்தால் எத்தனை மணி நேரத்துக்கானது என்பதை முதலில் பாருங்கள்.

மாடல் சொன்ன நாளும் வானிலைத் துறையின் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்று இன்னொருவர் கேட்டார். துறையின் மழை நாள் காலை 8.30க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30க்கு முடியும், மறுநாள் தேதியில் பதிவாகும். 2022 நவம்பர் 12ஆம் தேதிக் கணக்கில் சீர்காழிக்கு 44 செ.மீ. என்று இருக்கும். அந்த மழையில் பெரும்பகுதியை நாங்கள் பார்த்தது 11ஆம் தேதி. அன்று வங்கக்கடலில் புயல்கூட இல்லை, வெறும் தாழ்வுப் பகுதிதான். பெயர் வைக்காத சுழற்சி என்று அலட்சியப்படுத்தாதீர்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது அதனால்தான்.

மூன்றாவது, மாடலில் 15 செ.மீ. என்றால் 15தானே பெய்ய வேண்டும் என்ற கேள்வி. 9 கி.மீ. கட்டம் முழுவதற்குமான சராசரி அது. உள்ளே ஓர் ஊரில் பல மடங்கு கொட்டலாம். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பதிவானது, பக்கத்துத் திருச்செந்தூரில் 69. நிறத்தைப் பார்த்து இடத்தையும் நாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு ஏரிக்கரையிலோ வாய்க்கால் ஓரத்திலோ தைரியமாக இருக்காதீர்கள். வெள்ள எச்சரிக்கை வந்தால் துறையும் மாவட்ட நிர்வாகமும் சொல்வதுதான் முடிவு. என் முறை நெல்லை மூடுவதற்கு மட்டும்தான்.

களத்தில் நெல் இருக்கும் நாட்களில் இப்போதும் அதிகாலை 2.15க்கு அலாரம் வைக்கிறேன். ராபிடில் இரவுப் படம் ஒரு பார்வை, காரைக்கால் ரேடாரில் ஒரு பார்வை. எங்கள் பக்கத்துக் கடற்கரை ஊரான திருமுல்லைவாசலுக்கு நேர் கிழக்கே 30 கி.மீ.க்குள் ஒரு திட்டு கரையைப் பார்த்து வந்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கையில் இருக்கிறது என்று அர்த்தம். அப்போதுதான் அப்பாவை எழுப்புகிறேன்.