டிவி கேம் கேசட்டின் அசலைத் தேடி: செட்டிநாட்டிலிருந்து ஒரு செய்முறை விளக்கம்

1990களில் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் வளர்ந்த பிள்ளைகள் ‘வீடியோ கேம்’ என்று சொன்னதில்லை. அது ‘டிவி கேம்’, அதில் செருகுவது ‘கேசட்’. விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா கொண்டுவந்த பெட்டியும், ‘மீடியா’, ‘லிட்டில் மாஸ்டர்’ என்ற பெயர்களில் கடையில் வாங்கிய பெட்டியும் பார்வைக்கு வேறு வேறாக இருந்தாலும், அவற்றில் பெரும்பாலானவை நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் இயந்திரத்தின் நகல்களே. ‘9999999 இன் 1’ என்று அட்டையில் அச்சிட்டிருந்த கேசட்டில் ஒரு கைப்பிடி விளையாட்டுகள்தாம் இருந்தன; அவற்றையே வெவ்வேறு நிலைகளிலிருந்து தொடங்கவைத்து எண்ணிக்கையைப் பெருக்கியிருந்தார்கள்.

எனவே, இப்போது கையில் நாலு காசு சேர்ந்த பிறகு அந்த விளையாட்டுகளின் அசல் பதிப்புகளைச் சேகரிக்க விரும்புகிறவர் முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: நம்மில் பெரும்பாலோர் அசலைத் தொட்டதே இல்லை. கீழே உள்ள படிகளெல்லாம் அதை மனத்தில் வைத்தே எழுதப்பட்டுள்ளன.

முதல் படி: உங்களுக்கு எது அசல் என்று முடிவு செய்யுங்கள்

நீங்கள் விளையாடிய அதே மஞ்சள் கேசட் வேண்டுமா, அல்லது அது எதைப் பார்த்து நகலெடுக்கப்பட்டதோ அந்த ஜப்பானியப் பதிப்பு வேண்டுமா? இரண்டும் நியாயமான ஆசைகளே. ஆனால் இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் நகலுக்கு அசல் விலை கொடுத்து ஏமாறுகிறார்கள். முந்தையது வேண்டுமென்றால் உறவினர் வீட்டுப் பரண்களைக் கேட்டுப் பார்ப்பதே போதும். நான் இங்கே விளக்கப்போவது பிந்தையதை. தொடக்கத்தில் பட்டியல் போடாமல், ஒரே ஒரு விளையாட்டைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

இரண்டாம் படி: அதன் உண்மைப் பெயரையும் பிறந்த நாட்டையும் கண்டுபிடியுங்கள்

நகலெடுத்தவர்கள் பல விளையாட்டுகளின் முகப்புத் திரையிலிருந்து நிறுவனத்தின் பெயரை அழித்துவிட்டு, பட்டியலில் தங்களுக்குத் தோன்றிய பெயரைப் போட்டார்கள்; நாமும் நமக்கு வாய்த்த பெயரால் அழைத்தோம். நாம் ‘டேங்க்’ என்றது நாம்கோ நிறுவனம் 1985இல் வெளியிட்ட ‘பேட்டில் சிட்டி’. 35 நிலைகளும், நாமே செங்கல் சுவர் கட்டிக்கொள்ளும் வசதியும் உடையது. அது நிண்டெண்டோவின் அமெரிக்க இயந்திரமான என்.இ.எஸ்.ஸுக்கு அதிகாரபூர்வமாக வெளிவரவே இல்லை. ஆகையால் அதன் அசல் கேசட்டை அமெரிக்கப் பதிப்பாகத் தேடுவது வீண். கோடரி எறிந்துகொண்டு பழம் பொறுக்கியபடி ஓடும் ‘ஐலண்டர்’, ஹட்சன் நிறுவனம் 1986இல் ஜப்பானில் ‘தகாஹாஷி மெய்ஜின் நோ போக்கென் ஜிமா’ என்று வெளியிட்டு, வெளிநாடுகளில் ‘அட்வென்ச்சர் ஐலண்ட்’ என்று விற்ற விளையாட்டு.

இரண்டு நாடுகளிலும் வெளிவந்தவற்றில் எது வேண்டும் என்பதும் முக்கியம். கொனாமியின் ‘கான்ட்ரா’ 1988இல் ஃபேமிகாமுக்கு வந்தபோது நிலைகளுக்கிடையே வரைபடமும் கதைக்காட்சிகளும், அசையும் மரங்களும் பனிப்பொழிவும் இருந்தன. அமெரிக்கப் பதிப்பில் அவை இல்லை. பொருத்தத்திலும் வேறுபாடு உண்டு: ஃபேமிகாம் கேசட்டின் இணைப்பில் 60 ஊசிகள், என்.இ.எஸ். கேசட்டில் 72. நம் ஊரில் புழங்கிய நகல் பெட்டிகள் பெரும்பாலும் 60 ஊசி வகை என்பதால், பரணில் கிடக்கும் பழைய பெட்டி இன்னும் உயிரோடு இருந்தால், ஜப்பானிய அசல் கேசட்டை அதிலேயே செருகி விளையாடத் தொடங்கலாம். எல்லாக் கேசட்டும் ஓடும் என்று உறுதி சொல்ல முடியாது. எளிய பழைய விளையாட்டுகள் பெரும்பாலும் ஓடும்.

மூன்றாம் படி: எந்த நிலையில் வாங்குவது

வெறும் கேசட், கேசட்டுடன் கையேடு, பெட்டியோடு எல்லாம் சேர்ந்தது என்று விலை ஏறிக்கொண்டே போகும். தொடங்குகிறவர் வெறும் கேசட்டோடு நிற்பதே நல்லது. 1985இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ ஜப்பானில் மட்டும் 60 லட்சத்துக்கும் மேல் விற்றது; அவ்வளவு மலிந்த பொருளை ‘அபூர்வம்’ என்று எவராவது விற்றால் சிரித்துவிட்டு நகரலாம். 2021இல் பிரிக்கப்படாத ‘சூப்பர் மாரியோ 64’ ஒன்று ஏலத்தில் 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனது உண்மைதான். அது விளையாடாதவர்களின் வியாபாரம், நமக்குரியது அன்று.

நான்காம் படி: அசலா, போலியா என்று பாருங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் எனாமல் பாத்திரம் வாங்கப் பழகியவர்களுக்கு இந்தப் படி கடினமாக இராது. விவரம் தெரிந்தவர் வண்ணப் பூவைப் பார்த்து மயங்காமல், பாத்திரத்தைக் கவிழ்த்து அடியில் உள்ள முத்திரையைத்தான் முதலில் தேடுவார். கேசட்டையும் அப்படியே கவிழ்த்துப் பாருங்கள்.

நிண்டெண்டோவே வெளியிட்ட ஃபேமிகாம் கேசட்டுகளுக்கு ‘எச்.வி.சி.’ என்று தொடங்கும் குறியீடு உண்டு. சூப்பர் மாரியோவுக்கு அது ‘எச்.வி.சி-எஸ்.எம்.’ இந்தக் குறியீட்டையும், ஒட்டுத்தாளின் அச்சுத் தெளிவையும், கேசட்டின் வெளிப் பிளாஸ்டிக் ஓட்டிலேயே வார்த்து வந்த எழுத்துகளையும் நம்பகமான அசலின் படத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ஆனால், ஓட்டின் வடிவம் மாறுவதை மட்டும் வைத்துப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். கொனாமி, நாம்கோ போன்ற நிறுவனங்கள் தங்களுக்கென்று தனி ஓடுகளைச் செய்துகொண்டன. ஐரெம் நிறுவனத்தின் தொடக்ககாலக் கேசட்டுகளில் ஒரு சிறிய சிவப்பு விளக்குகூட எரியும். ஒரே கேசட்டில் பல நிறுவனங்களின் விளையாட்டுகள் சேர்ந்திருந்தால் அது நகல்தான்.

உள்ளே இருக்கும் பலகையைப் பார்க்க முடிந்தால் இன்னும் தெளிவாகும். நகல்களில் சில்லு இருக்க வேண்டிய இடத்தில் கரிய பிசின் உருண்டையாக அப்பியிருக்கும்; அசலில் பெரும்பாலும் கால்கள் கொண்ட செவ்வகச் சில்லுகள் பற்றவைக்கப்பட்டிருக்கும். எனினும் அக்கால அசல்கள் சிலவற்றிலும் பிசின் உண்டு என்பதால் இந்த ஒரு சான்றே போதாது. ஃபேமிகாம் ஓடுகள் பெரும்பாலும் திருகில்லாமல் கொக்கியால் கவ்வியிருப்பவை. நெம்பினால் கொக்கி ஒடிந்துவிடும், ஆகவே தொடங்குகிறவர் திறக்காமல் இருப்பதே உத்தமம். என்.இ.எஸ். கேசட்டுகள் பெரும்பாலானவற்றுக்கு 3.8 மில்லிமீட்டர் தனித் திருப்புளி தேவை.

பின்புறத்தில் ஏதாவது ஜப்பானியப் பிள்ளையின் பெயர் பேனாவால் எழுதப்பட்டிருந்தால் விலை குறையும். நான் அதைக் குறையாகக் கருதுவதில்லை. கல்யாணச் சீராகக் கொடுக்கும் பாத்திரங்களில் எல்லாம் வீட்டு விலாசத்தை, அதாவது குடும்பப் பெயரின் தலைப்பெழுத்துகளை, வெட்டிக் கொடுக்கும் ஊர்க்காரனுக்கு, பெயர் பொறித்த சாமான்தான் கைமாறிவந்த சாமான். பல நகல்களில் எவரும் பெயர் எழுதியிருக்க மாட்டார்கள் என்பது கூடுதல் ஆறுதல்.

கேசட்டுக்குப் பதிலாகக் குறுந்தட்டுத் தலைமுறையைச் சேர்ந்தவரானால் சோதனை எளிது: முதல் பிளேஸ்டேஷனின் அசல் தட்டுகளின் அடிப்பக்கம் கறுப்பாகவும், பிளேஸ்டேஷன் 2இன் சி.டி. வகைத் தட்டுகள் நீலமாகவும் இருக்கும். ஊதா அல்லது பச்சை மினுமினுப்புடன் இருப்பது, பெரும்பாலும் யாரோ கணினியில் எரித்துக் கொடுத்த தட்டு.

ஐந்தாம் படி: வாங்குதல்

ஜப்பானிய ஏலத் தளங்களிலிருந்து நேரடியாக நமக்கு அனுப்பும் விற்பவர்கள் குறைவு. பையீ, ஜென்மார்க்கெட் போன்ற இடைத்தரகுச் சேவைகள் வாங்கிச் சேர்த்து அனுப்பும். முன்புறம், பின்புறம், உலோக இணைப்பு ஆகிய மூன்றின் படமும் இல்லாத பொருளுக்குப் பணம் கட்டாதீர்கள். கேசட்டின் விலையோடு தரகு, அஞ்சல், சுங்க வரி ஆகியவற்றையும் கூட்டியே உங்கள் வரம்பை முடிவு செய்யுங்கள். ஒரு கேசட்டுக்கு வரும் அஞ்சல் செலவே அதன் விலையை மிஞ்சக்கூடும் என்பதால் நான்கைந்தை ஒன்றாகச் சேர்த்து வரவழைப்பது சிக்கனம்.

ஆறாம் படி: மின்சாரமும் தொலைக்காட்சியும்

நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானிலிருந்து அசல் இயந்திரம் வந்த அன்று, அதனுடன் வந்த மின்னிணைப்பியை யோசிக்காமல் பட்டாலைச் சுவரில் இருந்த செருகுதுளையில் மாட்டினேன். அது 100 வோல்ட்டுக்குச் செய்தது. நம்முடையது 230 வோல்ட். இரண்டு நிமிடத்துக்குள் கிளம்பிய கருகல் வாடையைப் பின்கட்டில் இருந்த அப்பத்தா கண்டுபிடித்து, “என்னடா அப்பு, அடுப்பிலே ஏதும் வெச்சிருக்கியா?” என்று கேட்டார்கள். போனது இணைப்பி மட்டும் என்பது என் நல்ல காலம்.

ஃபேமிகாமுக்கு வேண்டியது 10 வோல்ட், 850 மில்லி ஆம்பியர் நேர்மின்சாரம். செருகியின் நடுமுனை எதிர்மின் முனையாக இருக்க வேண்டும். ஊரில் கிடைக்கும் இணைப்பிகள் பலவற்றில் நடுமுனை நேர்மின் முனை என்பதால், மீட்டர் வைத்துப் பார்க்கத் தெரிந்த வானொலி மெக்கானிக் ஒருவரிடம் காட்டிவிட்டு மாட்டுங்கள். இல்லாவிட்டால் 230ஐ 100 ஆகக் குறைக்கும் மின்மாற்றியை வாங்குங்கள்.

1983இன் இயந்திரம் படத்தை ஆன்டெனா கம்பி வழியாக, ஜப்பானின் 1, 2 சேனல்களுக்குரிய 90 முதல் 102 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அனுப்புகிறது. நம் தொலைக்காட்சிகள் பெரும்பாலும் அதைத் தேடிப் பிடிப்பதில்லை. இந்தத் தொல்லையைத் தவிர்க்க, 1993 டிசம்பரில் வந்த, ஏ.வி. கம்பி இணைக்கும் மறுவடிவ ஃபேமிகாமை வாங்குவதே என் பரிந்துரை. அதற்கும் ஜப்பானின் வண்ணப்பட முறையான என்.டி.எஸ்.சி.யை ஏற்கும் தொலைக்காட்சி வேண்டும். நம் ஊரின் பி.ஏ.எல். (PAL) முறையை மட்டும் அறிந்த பழைய பெட்டியில் படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ தெரியும்.

விளையாட்டு ஓடியதும் ஒரு வியப்பு காத்திருக்கிறது. நம் ஊர்த் தொலைக்காட்சிக்கேற்ப 50 ஹெர்ட்ஸில் ஓடிய நகல் பெட்டியில் பழகியவருக்கு, 60 ஹெர்ட்ஸில் ஓடும் அசல், மாரியோவை யாரோ துரத்துவதைப் போல வேகமாகத் தோன்றும். முதல் நாள் முதல் பள்ளத்திலேயே விழுந்தேன். வாத்து சுடும் ‘டக் ஹன்ட்’டின் துப்பாக்கி தட்டைத் திரையில் வேலை செய்யாது, அதற்குப் படக்குழாய்த் தொலைக்காட்சியே வேண்டும். பழைய சாமான் கடையில் சொல்லிவைத்தால் தூக்கிச் செல்லும் கூலிக்குச் சற்று மேலாகக் கிடைக்கும்.

ஏழாம் படி: சுத்தமும் பாதுகாப்பும்

ஓடாத கேசட்டை வாயால் ஊதிச் செருகிய பழக்கத்தை விட்டுவிடுங்கள். எச்சிலின் ஈரம் உலோக இணைப்பை அரிக்கும். 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு, கறுப்பு வருவது நிற்கும்வரை துடையுங்கள். விளையாட்டைச் சேமித்துவைக்கும் கேசட்டுகளில் மின்கலம் இருக்கும், என்.இ.எஸ். ‘செல்டா’வில் அது சி.ஆர்.2032. அது தீர்ந்தால் சேமிப்பு மட்டுமே போகும். விளையாட்டு அப்படியே இருக்கும்.

செட்டிநாட்டு வீடுகளின் இருட்டறைகளைக் குறைசொல்லிக் கேட்டிருக்கிறேன். சேகரிப்பவனுக்கு அவை வரம். வெயில் பட்டால் வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகிவிடும். சுண்ணாம்புச் சுவர் சூழ்ந்த வளவு அறையில் அந்தப் பயம் இல்லை. ஓட்டுக்குக் கீழே, மாடிப் பரணில் மட்டும் வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் முற்றத்து ஈரம் உள்ளே வரும். மூடியிட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுவையுங்கள். அட்டைப்பெட்டியும் கையேடும் வாங்கியவர்கள் கரையானையும் ராமபாணப் பூச்சியையும் மாதம் ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும்.

எட்டாம் படி: பேரேடு

வாங்கிய நாள், குறியீடு, எல்லாச் செலவும் சேர்ந்த விலை, பொருளின் நிலை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். இரண்டு முறை ஒரே கேசட்டை வாங்குவதை அது தடுக்கும். பின்புறத்தில் பெயர் இருந்தால் அதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். என் நோட்டின் முதல் வரியில் ‘பேட்டில் சிட்டி, ஒட்டுத்தாள் ஓரம் கிழிசல்’ என்று இருக்கிறது. பெயர்ப் பத்தியில், எனக்கு வாசிக்கத் தெரியாத நான்கு எழுத்துகளை அப்படியே பார்த்து வரைந்துவைத்திருக்கிறேன்.