மும்பை ஃப்ளாட்டில் குழந்தைக்கு ஒரு மூலை

ஒரு படுக்கையறை வீட்டில் குழந்தைக்குத் தனி அறை எல்லாம் நடக்காது, உங்கள் கட்டிலை ஒட்டி, ஏசி காற்று நேராக அடிக்காத ஒரு மூலை போதும். பெயின்ட் அடிப்பதாக இருந்தால் பிரசவத்துக்குச் சில வாரம் முன்பே முடியுங்கள், வாடை போகட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. ஓதம் ஏறும் சுவரோரம் தொட்டில் வேண்டாம். மெத்தை அழுத்தினால் குழியாமல் கெட்டியாக இருக்கட்டும். தலையணை, பொம்மை எதுவும் கூடாது, மல்லாக்கப் படுக்க வையுங்கள். ஊரிலிருந்து வரும் அம்மா சேலைத் தூளிக்குக் கொக்கி எங்கே என்றுதான் முதலில் கேட்பார். சரி, விழித்திருக்கும்போது கண்ணெதிரே ஆட்டிக்கொள்ளலாம், தூக்கத்துக்குத் தட்டையான மெத்தைதான். அப்புறம் துணி நாப்பி: மழையில் லேசில் காயாது, கூடுதலாகவே வாங்கி, ஹாலில் மின்விசிறிக்குக் கீழே மடக்கும் ஸ்டாண்டு ஒன்று போட்டுவிடுங்கள்.